வரம்புக்கு ஓரடி முன்னால் நின்றுவிடும் நிறுவனங்கள்

ஒரு நாட்டின் நிறுவனங்களை ஆண்டு விற்றுமுதல் வாரியாக அடுக்கி வரைபடம் போட்டுப் பாருங்கள். சின்ன நிறுவனங்கள் ஏராளம், பெரியவை சொற்பம். எனவே கோடு ஒரே சீராக இறங்கிக்கொண்டே போக வேண்டும். வரிவிதி ஒன்று தொடங்கும் தொகை வந்ததும் அந்த ஒழுங்கு குலைகிறது. அதற்குச் சற்றுக் கீழே ஒரு மேடு, சற்று மேலே ஒரு பள்ளம். பிரிட்டனில் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வரம்பு 2017 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை 85,000 பவுண்டாக இருந்தது. அந்த ஆண்டுகளின் கணக்கில் மேடு 85,000-ஐ ஒட்டிக் கீழே நிற்கிறது. அதற்கு முன் வரம்பு வேறாக இருந்த ஆண்டுகளில் மேடும் அந்தந்தத் தொகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இது தற்செயல் இல்லை.

அந்த மேட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்து அங்கே வந்தவர்கள் அல்ல. ஒருவர் உண்மையிலேயே வேலையைக் குறைத்திருப்பார். ஒருவர் ரொக்க வரவில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டிருப்பார். இன்னொருவர் தொழிலை மனைவி பேரில் பாதி, தன் பேரில் பாதி என்று பிரித்திருப்பார். கணக்கு பார்ப்பவருக்கு இந்த மூன்றும் மூன்று விதமான தலைவலி. முதலாவது சட்டப்படி சரி, வியாபாரத்துக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது வரி ஏய்ப்பு, அதில் பேச ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் பலர் சட்டப்படி சரி என்று நம்பிக்கொண்டு மாட்டிக்கொள்ளும் இடம்.

எந்த வரம்பாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை நான்கு. எதை அளக்கிறார்கள்? எந்தக் காலத்துக்கு அளக்கிறார்கள்? யார் யாருடையதைச் சேர்த்து அளக்கிறார்கள்? தாண்டினால் புதிய விதி முழுத் தொகைக்கா, மிச்சத்துக்கு மட்டுமா? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் "வரம்புக்குள்ளேயே இருந்துவிடலாம்" என்று முடிவு எடுப்பவர்கள் அதிகம். அதில் பலர் ஏற்கெனவே தாண்டியிருப்பார்கள், அல்லது தாண்டினால் லாபம் அடையக்கூடியவர்களாக இருப்பார்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், பணம் அங்கேதான் இருக்கிறது.

படியும் சரிவும்

சில வரம்புகள் படி போன்றவை. ஒரு பவுண்டு தாண்டினாலும் மொத்தத்துக்கும் புதிய விதி. சில வரம்புகள் சரிவு போன்றவை, தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் வரி. பிரிட்டனின் நிறுவன வருமான வரி 2023 ஏப்ரலிலிருந்து சரிவு வகை. லாபம் 50,000 பவுண்டு வரை 19 சதவீதம், 250,000-க்கு மேல் 25 சதவீதம். இடையில் கணக்குப் போட்டுப் பார்த்தால், 50,000-க்கு வரி 9,500, 250,000-க்கு வரி 62,500. அந்த 200,000 கூடுதல் லாபத்துக்கு 53,000 வரி, அதாவது ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும் 26.5 சதவீதம். உச்ச விகிதமான 25-ஐ விட இது அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. இருந்தாலும் இங்கே லாபம் கூடினால் கையில் நிற்பதும் கூடத்தான் செய்யும். 50,000-இல் நின்றுவிட வேண்டிய அவசியம் இல்லை.

படி வகை அப்படி இல்லை. கோஸ்டா ரிகாவில் சிறு நிறுவனங்களுக்கான லாப வரி நீண்ட காலம் விற்றுமுதலைப் பொறுத்து 10, 20, 30 சதவீதம் என்று தாவியது. முதல் வரம்பில் விற்றுமுதல் கொஞ்சம் கூடினாலே மொத்த லாபத்துக்கும் விகிதம் இரட்டிப்பு. அங்கே இரண்டு விதமான நடத்தை தெரிந்தது. ஒன்று, எதிர்பார்த்தபடி வரம்புக்குக் கீழே குவிவது. இரண்டாவது இன்னும் சுவையானது. தாண்டியே தீர வேண்டியிருந்த நிறுவனங்கள் தாண்டியதும் காட்டிய லாப விகிதம் சட்டென்று சுருங்கியது. விற்பனையை மறைக்க முடியாதவர்கள் செலவுக் கணக்கை ஊதினார்கள். வரி எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் கணக்கு வீங்கும்.

வாட் பதிவும் படி வகைதான். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். பிரிட்டனின் வரம்பு 2024 ஏப்ரல் 1 முதல் 90,000 பவுண்டு, பொது வரிவிகிதம் 20 சதவீதம். வீட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு தொழில். விலையை ஏற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். விற்பனையில் 10 சதவீதம் வரி சேர்ந்த பொருள் கொள்முதல், 30 சதவீதம் கூலி. வரம்புக்குள் 90,000-இல் நின்றால் மிச்சம் 54,000.

தாண்டிப் பதிவு செய்த பிறகு, அதே விற்பனை அளவில் ஓராண்டுக்கு, வசூலித்த தொகைக்குள் ஆறில் ஒரு பங்கு வரி, அதாவது 15,000. கொள்முதலில் கட்டிய 1,500 திரும்பக் கிடைக்கும். நிகரமாகப் போவது 13,500. மிச்சம் 40,500-ஆக இறங்குகிறது. பழைய 54,000-ஐ மீண்டும் எட்ட விற்பனை எவ்வளவு இருக்க வேண்டும்? 120,000. சரிபார்ப்பு: வரி 20,000, திரும்பக் கிடைப்பது 2,000, கொள்முதல் 12,000, கூலி 36,000, மீதி 54,000. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்து அதே பணம். 90,000 முதல் 120,000 வரையுள்ள இந்தப் பகுதியை நாங்கள் வெற்றுநிலம் என்று சொல்வது வழக்கம். அங்கே தங்குவதில் அர்த்தமில்லை. ஒன்று இந்தப் பக்கம் இருக்க வேண்டும், அல்லது ஒரே தாவலில் அந்தப் பக்கம் போக வேண்டும்.

விலையை ஏற்ற முடிந்தால் வெற்றுநிலம் சுருங்கும். பக்கத்துப் போட்டியாளர் எல்லோரும் பதிவு செய்தவர்கள் என்றால் அவர்கள் விலையிலேயே வரி ஏறியிருக்கும், நீங்களும் ஏற்றிவிடலாம். பதிவு செய்யாத சிறியவர்கள் நிறைந்த தொழிலில்தான் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழும். இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட அரை மணி நேரம் போதும். போடாமல் பயப்படுபவர்கள்தான் அதிகம்.

வாங்குபவர் யார் என்பதே பாதி விடை

வாங்குபவர் இன்னொரு பதிவு பெற்ற நிறுவனம் என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழ். அவர் நீங்கள் போடும் வரியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். அதனால் விலைக்கு மேல் வரி போட்டால் அவருக்கு நஷ்டமில்லை. நீங்களோ கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். பதிவு செய்யாமல் இருந்தால் அந்த வரி உங்கள் செலவோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இதனால்தான் பிரிட்டனில் வரம்புக்குக் கீழே இருக்கும் நிறுவனங்களில் கணிசமான பகுதி கட்டாயமில்லாமலே பதிவு செய்திருக்கிறது. வரம்புக்கு ஒட்டிக் குவிபவர்கள் பெரும்பாலும் இரண்டு அடையாளம் உள்ளவர்கள்: நேரடி நுகர்வோருக்கு விற்பவர்கள், கொள்முதல் குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் உள்ளவர்கள். முடிதிருத்துபவர், வீடு பராமரிப்புத் தொழிலாளி, தனிப் பயிற்சி நடத்துபவர் போன்றவர்கள்.

ஜப்பானில் இது விதியாகவே வந்தது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வரிக்குட்பட்ட விற்பனை 1 கோடி யென்னுக்குள் இருந்தால் நுகர்வு வரியிலிருந்து விலக்கு. 2023 அக்டோபர் 1 முதல் தகுதி பெற்ற இன்வாய்ஸ், அதாவது வரிக்குப் பதிவு செய்தவர் கொடுக்கும் பில், இருந்தால்தான் வாங்குபவருக்கு முழு வரி வரவு என்றானது. விலக்கில் இருப்பவரால் அந்த இன்வாய்ஸைக் கொடுக்க முடியாது. தனியாக வேலை செய்யும் ஓவியர்கள், ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள் எனப் பலர் வரம்புக்கு மிகக் கீழே இருந்தும், வேலை கொடுக்கும் நிறுவனங்களின் நெருக்குதலில் தாங்களாகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. சட்டத்தில் வரம்பு அப்படியே இருந்தது. வாங்குபவர் அதை அர்த்தமற்றதாக ஆக்கிவிட்டார்.

பயம் வரியைப் பார்த்தா, தாளைப் பார்த்தா?

பின்லாந்தில் ஒரு நல்ல சோதனை தானாகவே அமைந்தது. அங்கே வாட் வரம்பு வெறும் 8,500 யூரோவாக இருந்த காலத்தில் 2004-இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். வரம்பைத் தாண்டியதும் முழு வரியும் ஒரேயடியாக விழாமல், குறிப்பிட்ட விற்றுமுதல் வரை படிப்படியாக ஏறும். படி சரிவாக மாறியது. குவிதல் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. பிறகு 2010-இல் சிறு நிறுவனங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தடவைகளைக் குறைத்தார்கள். அப்போது குவிதல் குறைந்தது. அந்தச் சிறு தொழில்முனைவோரைத் தடுத்தது பெரும்பாலும் வரித்தொகை அல்ல, கணக்கு எழுதுவதும் தாக்கல் செய்வதும்தான் என்ற முடிவுக்கு அதை ஆராய்ந்தவர்கள் வந்தார்கள்.

இதில் நடைமுறைக்கு ஒரு விஷயம் இருக்கிறது. தாள் வேலையின் செலவு பெரும்பாலும் நிலையானது. 95,000 விற்பவருக்கும் 300,000 விற்பவருக்கும் ஏறக்குறைய அதே கணக்காளர் கட்டணம், அதே மென்பொருள். எனவே உங்களைத் தடுப்பது தாள் வேலை மட்டும்தான் என்றால், தாண்டுவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த முறையில் கணக்கு எழுதிப் பழகிவிடுங்கள். ஒவ்வொரு கொள்முதல் பில்லிலும் வரியைத் தனிப் பத்தியில் எழுதுவது, விற்பனையை விகிதவாரியாகப் பிரிப்பது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. வேலை அவ்வளவுதான். தாண்டும் நாளில் புதிதாகக் கற்க எதுவும் இருக்காது.

அளவுகோலில் வழுக்குபவர்கள்

இனி முதல் இரண்டு கேள்விகள்: எதை அளக்கிறார்கள், எந்தக் காலத்துக்கு. தெரியாமல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இங்கே வழுக்கியவர்கள்.

பிரிட்டனில் அளவு நிதியாண்டுக்கு அல்ல. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பின்னோக்கிய 12 மாதங்களின் கூட்டு. நிதியாண்டு முடிவில் 84,000 இருந்தது என்று நிம்மதியாக இருப்பவர், நடுவில் ஆகஸ்டு முதல் ஜூலை வரையிலான 12 மாதத்தில் 93,000 தொட்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 75,000 டாலர் வரம்பை நடப்பு மாதமும் முந்தைய 11 மாதமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடப்பு மாதமும் அடுத்த 11 மாதமும் சேர்த்து எதிர்பார்ப்புக் கணக்கும் உண்டு. கனடாவில் 30,000 டாலர் நான்கு காலாண்டுகளின் கூட்டு. ஆனால் ஒரே காலாண்டில் 30,000-ஐத் தாண்டினால், தாண்ட வைத்த அந்த விற்பனைக்கே வரி போட்டாக வேண்டும். பெரிய ஆர்டர் ஒன்று வந்த மகிழ்ச்சியில் வரி போடாமல் பில் அனுப்பிவிட்டால் அந்த வரி உங்கள் பையிலிருந்துதான். சிங்கப்பூரில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர், அது காலண்டர் ஆண்டுக்கு. ஒரு நாட்டில் பழகிய முறையை இன்னொரு நாட்டில் போட்டுப் பார்க்காதீர்கள்.

எதைச் சேர்ப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இன்னும் பெரிது. பிரிட்டனில் பூஜ்ய விகித விற்பனை (வரிக்கு உட்பட்டது, ஆனால் விகிதம் 0) வரம்புக் கணக்கில் சேரும், விலக்குப் பெற்ற விற்பனை (வரிக்கே உட்படாதது) சேராது. இந்தியாவின் ஜிஎஸ்டி-யில் மொத்த விற்றுமுதல் என்பதில் விலக்குப் பெற்ற விற்பனையும் ஏற்றுமதியும் சேரும், ஒரே பான் எண்ணில் (வருமான வரித்துறை தரும் அடையாள எண்) உள்ள எல்லா மாநிலக் கிளைகளும் சேரும். அதுமட்டுமில்லை, மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பவருக்குப் பொதுவாக வரம்பே கிடையாது, முதல் விற்பனையிலேயே பதிவு வேண்டும். பிரிட்டனில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் சில சேவைகளை நீங்களே விற்றதாகக் கருதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். இணைய விளம்பரத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மிகச் சாதாரணமான தவறு ஒன்று உண்டு. இணையச் சந்தை மூலம் விற்பவர்கள் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையை விற்றுமுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் 100 கட்டினார், சந்தை 18 கமிஷன் எடுத்துக்கொண்டு 82 அனுப்பியது என்றால் உங்கள் விற்றுமுதல் 100. கமிஷன் உங்கள் செலவு. வங்கிக் கணக்கை மட்டும் பார்த்து 74,000 என்று நினைத்தவர் உண்மையில் 90,000-ஐத் தாண்டியவராக இருப்பார். அந்த 74,000-ஐ 0.82-ஆல் வகுத்துப் பாருங்கள். எதிர்த்திசையில், பழைய இயந்திரத்தையோ வண்டியையோ விற்று வந்த பணத்தை விற்றுமுதலில் சேர்த்துப் பதறுபவர்களும் இருக்கிறார்கள். மூலதனச் சொத்து விற்பனை பொதுவாகப் பதிவு வரம்புக் கணக்கில் வராது.

தாமதமாகத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? பதிவு செய்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வரி உங்கள் பொறுப்பு. அந்த வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் வரி கேட்க முடியாது. வாங்கிய தொகைக்குள்ளேயே வரி இருந்ததாகக் கொள்ளப்படும். அதற்கு மேல் அபராதம். இதைவிடக் கசப்பான பில் சிறு தொழிலில் அரிது.

பிரித்தால் தப்பலாமா?

மூன்றாவது கேள்வி, யார் யாரைச் சேர்த்து. ஒரு தொழிலை இரண்டாகப் பிரித்து இரண்டும் வரம்புக்குள் நிற்கட்டும் என்பது எல்லா நாட்டிலும் முதலில் தோன்றும் யோசனை. வரித்துறைக்கும் முதலில் தோன்றுவது அதேதான். பிரிட்டனின் 1994-ஆம் ஆண்டு வாட் சட்டப்படி, செயற்கையாகப் பிரிக்கப்பட்ட தொழில்களை ஒரே வரிதாரராகக் கருதி உத்தரவு போட வரித்துறைக்கு அதிகாரம் உண்டு. பணத் தொடர்பு, பொருளாதாரத் தொடர்பு, நிர்வாகத் தொடர்பு என்று மூன்றையும் பார்ப்பார்கள். நடைமுறையில் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள்: ஒரே கல்லாப்பெட்டி, ஒரே தொலைபேசி எண், சரக்கு ஒருவர் பேரில் வாங்கி இருவரும் விற்பது, ஊழியர் இருவருக்கும் வேலை செய்து ஒருவரிடம் மட்டும் சம்பளம் வாங்குவது, வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும். உண்மையில் தனித்தனியான தொழில் என்றால் தனி வங்கிக் கணக்கு, தனிக் கொள்முதல், ஒருவர் மற்றவருக்குச் சந்தை விலையில் வாடகையோ கட்டணமோ கட்டுவது, தனி லாப நஷ்டம் எல்லாம் இருக்கும். இவை இருந்தால் பிரிவு நிற்கும். இவற்றை வரிக்காக மட்டும் ஏற்படுத்தினால், இரண்டு தொழில் நடத்தும் செலவு மிச்சமாகும் வரியைத் தின்றுவிடும்.

நிறுவன வருமான வரியில் பிரித்தல் இன்னும் சீக்கிரம் செத்துவிட்டது. பிரிட்டனில் 50,000, 250,000 வரம்புகளை இணைந்த நிறுவனங்களின், அதாவது ஒரே கட்டுப்பாட்டில் உள்ளவற்றின், எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். இரண்டு நிறுவனம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 25,000, 125,000. கனடாவில் சிறு நிறுவனங்களுக்கான குறைந்த விகிதம் 500,000 டாலர் லாபம் வரை. இணைந்த நிறுவனங்கள் அந்த 500,000-ஐத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 25 சதவீத விகிதத்துக்கு 5 கோடி டாலருக்குள் என்ற அளவு கூட்டு விற்றுமுதலுக்கு, அதாவது தொடர்புள்ள நிறுவனங்களையும் சேர்த்து. எண்ணிக்கையைக் கூட்டினால் சலுகை கூடும் என்ற நினைப்பில் நிறுவனம் பதிவு செய்வதற்கு முன் இந்த ஒரு பத்தியைப் படித்துவிடுங்கள்.

தவறான அளவுகோலுக்கு வரும் பதில்

அரசு எதை அளக்கிறதோ அதை மாற்றுவது சுலபமாக இருந்தால் நிறுவனங்கள் தொழிலை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் மாற்றும். இதற்கு ஜப்பானின் மூலதன வரம்பை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அங்கே செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி யென் அல்லது அதற்குக் கீழ் என்றால் வரிச் சட்டத்தின் கண்ணில் சிறு நிறுவனம். 2004-இல் வந்த, சம்பளம், மூலதனம் போன்றவற்றின் அளவைப் பார்த்துப் போடும் உள்ளூர் வரி 10 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். மூலதனம் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றக்கூடிய தொகை. ஆலையும் ஆட்களும் அப்படியே இருக்க, மூலதனத்தை உபரிக் கணக்குக்கு மாற்றி 10 கோடிக்குக் குறைத்துக்கொண்டார்கள். அந்த வரிக்கு உட்பட்ட நிறுவனங்களின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததில் சுமார் மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. 2015-இல் ஷார்ப் நிறுவனம் ஏறத்தாழ 12,000 கோடி யென் மூலதனத்தை 10 கோடியாகக் குறைக்கப் போகிறது என்ற செய்தி பெரிய சர்ச்சையாகி, கடைசியில் 50 கோடியில் நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரல் முதல் விதி மாறியது. முந்தைய ஆண்டு அந்த வரிக்கு உட்பட்டிருந்து, மூலதனமும் மூலதன உபரியும் சேர்ந்து 100 கோடி யென்னைத் தாண்டினால், மூலதனத்தை மட்டும் குறைத்து வெளியேற முடியாது.

ஆள் எண்ணிக்கை வரம்பும் இதே குடும்பம். பிரான்சில் 50 ஊழியர் என்ற கோட்டில் பல கடமைகள் ஒன்றாக வந்து விழுந்தன. 49 பேர் கொண்ட நிறுவனங்கள் கொத்தாகத் தெரிந்தன. அங்கே நிறுவனங்கள் செய்தது ஒப்பந்த ஆட்களையும் வெளி நிறுவனங்களையும் பிடித்தது, இருக்கும் ஆட்களிடம் கூடுதல் நேர வேலை வாங்கியது. 2019-இல் வந்த பாக்ட் சட்டம் வரம்புகளைப் பெரும்பாலும் 11, 50, 250 என்று சீராக்கி, ஐந்து காலண்டர் ஆண்டுகள் தொடர்ந்து தாண்டியிருந்தால்தான் கடமை தொடங்கும் என்றது. ஐம்பதாவது ஆளை எடுக்கத் தயங்குபவருக்கு ஐந்து ஆண்டு அவகாசம் என்பது பெரிய தைரியம். எங்கள் கருத்தில் அளவு சார்ந்த விதிகளில் செய்யப்பட்ட திருத்தங்களில் புத்திசாலித்தனமானது இதுதான்.

கவனிக்கப்படுவதையே தவிர்ப்பவர்களும் உண்டு. ஸ்பெயினில் 60 லட்சம் யூரோ விற்றுமுதலைத் தாண்டினால் வரிவிகிதம் மாறாது. ஆனால் பெரிய வரிதாரர்களுக்கான பிரிவின் கண்காணிப்புக்குள் போக வேண்டும். அந்தக் கோட்டுக்கும் கீழே மேடு தெரிந்தது. சங்கிலியின் நடுவில், அதாவது மற்ற நிறுவனங்களிடம் வாங்கி மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் தொழில்களில், மேடு பெரிதாக இருந்தது. காரணம் எளிது. அவர்கள் பில்களுக்கு மறுபக்கத்தில் இன்னொருவர் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வந்தால் முரண்பாடு வெளியே வந்துவிடும். ரொக்கத்தில் நுகர்வோருக்கு விற்பவருக்குக் கண்காணிப்பு கூடினாலும் ஒப்பிட ஏதுமில்லை, அதனால் அவர் அந்தக் கோட்டைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

கோடு நகரும்

வரம்பைச் சுற்றித் தொழிலை வடிவமைப்பவர்கள் மறப்பது இது. இந்தியாவில் மின் இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் கடமை, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. பிறகு 100, 50, 20, 10 கோடி என்று இறங்கி 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடி. 10 கோடிக்குக் கீழே நிற்பதற்காகத் தொழிலைப் பிரித்தவர்களுக்குப் பத்து மாதத்தில் அந்தச் செலவு வீணாயிற்று. அதில் இன்னொரு கொக்கி: 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் தாண்டியிருந்தாலே போதும், இப்போது விற்பனை குறைந்திருந்தாலும் கடமை தொடரும். ஒருமுறை ஏறினால் இறங்க முடியாத கோடு அது. எதிர்ப்பக்கத்தில், வரம்பை நகர்த்தாமல் வைத்திருந்தாலும் விலைவாசி நிறுவனங்களை அதை நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கும். பிரிட்டனில் ஏழு ஆண்டு 85,000-இலேயே நின்றபோது, ஒரு வேலையும் கூடாமலே விலையேற்றத்தால் மட்டும் தாண்டியவர்கள் நிறையப் பேர்.

தாண்டப் போகிறீர்கள் என்றால்

பிரிட்டனை வைத்துக் கால அட்டவணையைச் சொல்லலாம். மார்ச் கடைசியில் 12 மாதக் கூட்டு 90,000-ஐத் தாண்டினால் ஏப்ரல் 30-க்குள் தெரிவிக்க வேண்டும், பதிவு மே 1 முதல். அடுத்த 30 நாள் விற்பனை மட்டுமே 90,000-ஐத் தாண்டும் என்று தெரிந்தால் அந்தத் தெரிந்த நாளிலிருந்தே. ஒரேயொரு பெரிய ஆர்டரால் தாண்டியது, அடுத்த 12 மாதத்தில் 88,000-ஐத் தாண்டாது என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் விதிவிலக்கு கேட்கலாம். ஆனால் அதற்கும் முதலில் தெரிவித்தாக வேண்டும். சும்மா இருந்துவிட்டுப் பிறகு "தற்காலிகம்தான்" என்றால் எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல் அமலில் உள்ள சிறு நிறுவன விதியில், உள்நாட்டு வரம்பை 10 சதவீதத்துக்குள் தாண்டினால் அந்தக் காலண்டர் ஆண்டு முடியும்வரை விலக்கிலேயே தொடர வழி உண்டு. அந்த அளவை உறுப்பு நாடுகள் 25 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாடு எதைத் தேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒப்பந்தங்களைப் புரட்டுங்கள். விலைக்குப் பக்கத்தில் "வரி தனி" என்று எழுதியிருக்கிறதா? எதுவும் எழுதாவிட்டால் சொன்ன விலையில் வரி அடங்கியதாகவே கொள்ளப்படும். நீண்ட கால ஒப்பந்தம் ஒன்று இருந்தால் போதும், அந்த ஒரு வரி இல்லாததால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பதிவுக்கு முந்தைய கொள்முதல் பில்களையும் தூக்கிப்போடாதீர்கள். பிரிட்டனில், பதிவு நாளில் கையிருப்பில் உள்ள சரக்கு, கருவிகளுக்கு 4 ஆண்டு பின்னோக்கியும், சேவைகளுக்கு 6 மாதம் பின்னோக்கியும் கட்டிய வரியைக் கேட்கலாம். பெரிய கருவி வாங்கிய ஆண்டிலேயே தாண்டுபவருக்கு இது கணிசமான தொகை.

விலையை எப்படி மாற்றுவது என்பதில் எங்கள் பரிந்துரை, பதிவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பாதி ஏற்றம், பதிவு நாளில் மீதி. ஒரே நாளில் 20 சதவீதம் ஏற்றினால் வாடிக்கையாளர் கேட்பார். பதிவுக்கு முன் ஏற்றும் பாதி முழுவதும் உங்களுடையது, ஆனால் அது 12 மாதக் கூட்டையும் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தாண்டாமலே இருக்க முடிவு செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியாள், நுகர்வோருக்கு மட்டும் சேவை, விரிவாக்கும் எண்ணமில்லை என்றால் வரம்புக்குள் நிற்பது நியாயமான முடிவு. அதற்கு விற்பனையை மறைக்கவும் வேண்டாம், கடைசி மாதத்தில் கடையை மூடவும் வேண்டாம். மூடினாலும் வாடகை ஓடும், வந்த வாடிக்கையாளர் வேறிடம் பழகிவிடுவார். 12 மாதக் கூட்டு வரம்பில் 85 சதவீதத்தை எட்டியதும் விலையைக் கூட்டி, லாபம் குறைந்த வேலைகளை விடுங்கள். அதே விற்றுமுதலுக்குள் கையில் நிற்பது கூடும்.

பதிவு செய்த பிறகு தொழில் சுருங்கினால் இறங்கவும் வழி உண்டு. பிரிட்டனில் அடுத்த 12 மாத விற்பனை 88,000-க்குள்தான் இருக்கும் என்று காட்டினால் பதிவை ரத்து செய்யலாம். ரத்து செய்யும் நாளில் கையிலிருக்கும் சரக்குக்கும், வரி வரவு எடுத்த கருவிகளுக்கும் அன்றைய மதிப்பில் வரி கணக்கிட வேண்டும். அந்த வரி மொத்தம் 1,000 பவுண்டுக்குள் என்றால் கட்ட வேண்டியதில்லை. அதனால் சரக்கைக் குறைத்துவிட்டு ரத்து தேதியைத் தேர்ந்தெடுங்கள்.